ஒன்பதாவது சாமான்

ஞாயிறு, பிப்ரவரி 4

அன்புள்ள திருப்புளிக்கு,

கவரைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் இன்னும் கொஞ்சம் படி. எட்டு மாதமாகப் போன் செய்கிறேன். அப்பாதான் எடுத்து, "அவன் தூங்கறாம்மா" என்கிறார். காலை பதினொரு மணிக்கும் தூங்குகிறாய், சாயங்காலம் ஐந்துக்கும் தூங்குகிறாய். பிறந்த குழந்தைகூட இவ்வளவு தூங்காது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றாய். முழிக்கவில்லை. எழுதத்தான் செய்கிறேன். அதுவும் சண்டையைப் பற்றி இல்லை, வேலை விஷயம். உன் கண் எனக்கு வேண்டும்.

பெட்டியைத் திற. உள்ளே ஒரு கடற்கொள்ளையன் இருக்கிறான். பதினோரு வருடமாக இந்தப் பொம்மைத் தொழிற்சாலையில் யானையையும் தீயணைப்பு வண்டியையும் எண்ணிப் பொட்டலம் போட்டவளை, முதல் தடவையாக அச்சு வெட்டிய நாளிலிருந்து ஒரு பொம்மையோடு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன்தான் இவன். உள்ளங்கையில் நிற்கிற உயரம். தாடியைப் பார், கற்றை கற்றையாகத் தெரியும். அச்சில் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்ய இரண்டு நாள் பிடித்தது. இடது கண்ணில் கறுப்புப் பட்டை. வலது கண் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மயிரிழை மேலே போனால் ஆள் பேயைப் பார்த்தவன் மாதிரி ஆகிவிடுகிறான், கீழே போனால் திருட்டு முழி. எத்தனையோ மாதிரி வீணாய்ப் போன பிறகுதான் இந்த முழி கிடைத்தது. கோட்டில் ஐந்து பொத்தான், ஆறாவது இடத்தில் வெறும் நூல் தொங்குகிறது. அது என் யோசனை. கடலில் திரிகிறவனுக்கு யார் பொத்தான் தைத்துக் கொடுப்பார்கள்?

தொப்பி கழலும். உள்ளே வழுக்கை, அசல் அப்பா. கிளி தோளில் உள்ள சின்ன ஓட்டையில் செருகி நிற்கும். அவனுடைய புதையல் பெட்டியின் மூடி திறக்கும், உள்ளே தங்கக் காசுகள். தனித்தனிக் காசு இல்லை, எல்லாம் ஒரே தகடு. இல்லாவிட்டால் குழந்தைகள் விழுங்கிவிடும். பீப்பாய், தொலைநோக்கி, கைத்துப்பாக்கி, வாள். எல்லாம் சேர்த்து எட்டு சாமான்.

பிரச்சினை வாளில். கையில் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறான், கொஞ்சம் ஆட்டினால் விட்டுவிடுகிறான். வாளைப் பிடிக்கத் தெரியாத கொள்ளைக்காரனை எந்தப் பிள்ளை மதிக்கும்? கையை இறுக்கினோம், உடைகிறது. தளர்த்தினோம், விழுகிறது. எங்கள் மேற்பார்வையாளர் கண்ணாடிக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது ஒரு வேலையா?

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது. வாளைப் பற்றி மட்டும் எழுது.

உன் அக்கா


செவ்வாய், பிப்ரவரி 13

பெட்டி கிடைத்தது.

வாள் விழுவதற்குக் காரணம் கை இல்லை. வாளின் பிடியை உருண்டையாகச் செய்திருக்கிறீர்கள். உருண்டைக் கைக்குள் உருண்டைப் பிடி சுழலாமல் என்ன செய்யும்? பிடியின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கச் சொல். கைக்குள்ளும் அதே இடத்தில் ஒரு தட்டை. முடிந்தது.

நீ கேட்டது அவ்வளவுதான். கேட்காததையும் சொல்கிறேன்.

ஆள் நிற்க மாட்டேன் என்கிறான். மேஜையில் வைத்தால் இடது பக்கம் சாய்கிறான். கிளியின் கனமோ என்று கழற்றிப் பார்த்தேன். அப்போதும் சாய்ந்தான். அப்பாவிடம் ஸ்கேல் வாங்கி அளந்தேன். வலது கால் ஒரு மில்லிமீட்டர் நீளம். இடது பூட்ஸ் கறுப்பு, வலது பூட்ஸ் காப்பி நிறம். இடது பூட்ஸில் மடிப்பு உண்டு, வலதில் இல்லை. இரண்டும் ஒரே ஆளுடைய கால்கள் இல்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் படம் போட்டு, "ஒன்பது சாமான்களுடன்" என்று அச்சடித்திருக்கிறது. நீ எட்டு என்று எழுதியிருந்தாய். பெட்டியிலும் எட்டுதான். படத்தில் இருக்கிற ஒன்பதாவது மரக்கால். வலது முழங்காலுக்குக் கீழே.

பதினோரு வருடத்தில் ஒரு பொட்டலம்கூடக் குறைந்து போனதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவள் நீ. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே எண்ணிவிடுவாய். எனக்கு வந்த பொட்டலத்தில் மட்டும் ஒன்று குறைகிறது என்றால் அது தவறி விழுந்ததில்லை.

போன வருடம் என்னைக் கேட்காமல் என் காலை எடுக்கக் கையெழுத்துப் போட்டாய். இப்போது பொம்மையின் காலையும் எடுத்துவிட்டாய். என்னிடம் எதை மறைக்கிறாய்? காலையில் போர்வையை விலக்கினால் தெரிந்துவிடுகிறதே.

மரக்காலை அனுப்பு.


செவ்வாய், பிப்ரவரி 20

திருப்புளி,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். படித்துவிட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்தேன். எதிர்மேஜைக்காரி பதறிப்போய், "என்னாச்சு, வீட்ல யாருக்காவது முடியலையா?" என்றாள்.

"இல்ல, தம்பி திட்டி எழுதியிருக்கான்."

"திட்டினதுக்கா இந்தச் சிரிப்பு?"

நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. கண்ணிலும் தண்ணீர் நின்றது, அதை அவள் சொல்லவில்லை, நல்லவள். எட்டு மாதம் கழித்து நீ என்னைத் திட்டியிருக்கிறாய். பேசாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

இத்துடன் இருக்கிற தீப்பெட்டியைத் திறந்து பார். மரக்கால் உள்ளே இருக்கிறது. ஆமாம், நான்தான் எடுத்தேன். மாதிரிப் பொம்மைகள் வைக்கிற எங்கள் அலமாரியில் ஒரு மாலுமிப் பொம்மை உண்டு, அவன் காலைக் கழற்றி உன் ஆளுக்கு மாட்டினேன். ஒரு மில்லிமீட்டரை நீ அளப்பாய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பின்னால் படம் அச்சடித்த அட்டையும் கூடவே போகிறது என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் அட்டையைத் தொடுகிறவள் நான். இந்த லட்சணத்தில் ஒளித்து வைக்கிறேனாம். உனக்கு அனுப்பிய மறுநாளே கண்ணாடிக்காரர் அலமாரியைத் திறந்து, ஒற்றைக்காலில் நின்ற மாலுமியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "இது என்னம்மா, புது மாடலா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கழிவறைக்குப் போய்விட்டேன்.

பொட்டலத்தைத் தடவும்போது விரலில் முதலில் தட்டுப்படுவது அந்த மரக்கால்தான். நுனி கூர்மை. ஒவ்வொரு தடவையும் விரலை இழுத்துக்கொள்கிறேன். உனக்கு அனுப்பக் கை வரவில்லை.

அப்படியானால் யானையை அனுப்பியிருக்கலாமே என்பாய். யானையை அனுப்பியிருந்தால் "கிடைத்தது" என்றுகூட எழுதியிருக்க மாட்டாய். இவனைப் பார்த்தால் உனக்குக் கோபமாவது வரும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுப் பயந்து காலை எடுத்தேன். எனக்கு இருந்தது பாதி தைரியம்தான்.

வாள் இப்போது விழவே இல்லை. கண்ணாடிக்காரர் கையால் ஆட்டினார், மேஜையில் தட்டினார், கடைசியில் அவருடைய பேத்தியிடம் கொடுத்தார். அப்போதும் விழவில்லை. "யார் யோசனை இது?" என்றார். "என் கூடப் பிறந்தவன்" என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு பெருமையாக இருந்தது.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் கால் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறதா? அப்பா சொன்னார். அவர்மேல் பாயாதே.

அக்கா


ஞாயிறு, மார்ச் 10

மரக்கால் வந்தது. பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறாய். அது என்ன முட்டையா?

மாட்டினேன். டக்கென்று உட்கார்ந்தது. ஆள் நேராக நிற்கிறான். மாலுமியின் காலை இத்துடன் அனுப்புகிறேன், போய்க் கொடுத்துவிடு, பாவம்.

எனக்கு வேறு வேலை இல்லை, இரண்டு வாரமாக இவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரக்காலில் மரத்தின் ரேகை தெரிகிறது. நடுவில் ஒரு முடிச்சு. நுனியில் இரும்புப் பூண் மாதிரி சாம்பல் நிறம், அதிலும் வெளிப்பக்கம் கொஞ்சம் தேய்ந்த சரிவு. நடக்கிறவன் கால் அப்படித்தான் தேயும். யார் செய்தார்களோ, யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

மேலே கால் நுழைகிற கிண்ணத்தில்தான் கோளாறு. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, நாலாம் நாள் பார்த்தால் அவன் முழங்காலுக்குக் கீழே உள்ள குச்சியில் வெள்ளையாக ஒரு கீறல். அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் ஒரு அச்சுக் கோடு, அதில் மயிர் அளவு பிசிறு. மாட்டும்போதெல்லாம் அதே இடத்தைச் சுரண்டுகிறது. பிளேடால் வழித்தேன், சரியாகிவிட்டது. உங்கள் ஆட்களிடம் சொல்.

அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து என்னுடையதை எடுத்தேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட முதல் நாளிலிருந்தே வலித்தது. கால் போனவனுக்கு வலிக்கத்தானே செய்யும் என்று யாரிடமும் சொல்லாமல் கழற்றிப் போட்டுவிட்டேன். லிஃப்ட் கதவு உரசினால் எங்கே உரசுகிறது என்று நாள் முழுக்கத் தேடுகிறவன், என் விஷயத்தில் அதைச் செய்யவில்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். என் காலின் உட்பக்கம், எலும்புக்குப் பக்கத்தில் புண் ஆறிய ஒரு அடையாளம். மாட்டி, ஐந்து நிமிஷம் நின்று, கழற்றினேன். அதே இடம் சிவந்திருந்தது.

செயற்கைக் கால் செய்கிறவரிடம் அப்பா கூட்டிப்போனார். அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை மாசமா ஏங்க சொல்லல?" என்றார். கால் மணி நேரம் தேய்த்தார். இப்போது வலி இல்லையென்று இல்லை. நிற்க முடிகிறது.

முந்தாநாள் கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு. அப்பா நாற்காலியில் இருந்தார். ஓடி வருவார், கையைப் பிடிப்பார், அழுவார் என்று எரிச்சலோடு நடந்தேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அடுப்படிக்கா போறே? குழாய் சொட்டுது, அப்படியே இறுக்கி மூடிட்டு வா" என்றார். இத்தனை மாதத்தில் எனக்கு யாரும் வேலை சொன்னதில்லை. மூடிவிட்டு வந்தேன். இன்னும் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். கோபமாகக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது என்ன நினைத்தாய்? நான் கண் முழிக்கும்வரை ஏன் காத்திருக்கவில்லை?

திருப்புளி


ஞாயிறு, மார்ச் 17

என் கண்ணே,

நீ நடந்தாய் என்ற வரியை இருபது தடவையாவது படித்திருப்பேன். எதிர்மேஜைக்காரிக்கும் படித்துக் காட்டினேன். குழாய் வாஷர் வரைக்கும் படித்தேன்.

மரக்காலின் நுனியில் அந்தத் தேய்மானத்தைச் செய்தது நான்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். இதை நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். லிஃப்ட் குழியில் உன் கால் மாட்டிக்கொண்டது என்று காலை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. நாங்கள் போனபோது உனக்கு நினைவில்லை. ஒரு மணிக்கு டாக்டர் பேப்பரோடு வந்தார். பாதம் நசுங்கிவிட்டது, ரத்தம் ஓடவில்லை, இப்போதே எடுத்தால் கணுக்காலோடு போய்விடும் என்றார். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பேனா என் கைக்கு வந்தது.

நான் போட மாட்டேன் என்றேன்.

"அவன் ஏணியில ஏறி இறங்கற பையன் டாக்டர். அவன் கண்ணைத் திறக்கட்டும், அவனையே கேளுங்க" என்றேன். இரண்டு மணிக்கு வந்தார். மாட்டேன் என்றேன். மூன்றரைக்கு வந்தார். வேறு பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று வராந்தா அதிரக் கத்தினேன். ஐந்து மணிக்கு வந்தபோது அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இனிமே கணுக்கால் முடியாதும்மா. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இன்னும் தள்ளிப்போட்டா ஆளே கிடைக்க மாட்டாரு" என்றார். அப்போதுதான் போட்டேன்.

காத்திருக்கவில்லையா என்று கேட்கிறாய். காத்திருந்தேன். நாலு மணி நேரம். காத்திருந்ததால்தான் உனக்குக் கால் இன்னும் ஒரு சாண் குறைந்தது.

கேட்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கோபப்பட்டபோது வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அது சின்னக் கோபம். பெரியதை மறைப்பதற்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கொள்ளையனின் முதல் வரைபடத்தில் மரக்கால் கணுக்காலிலிருந்துதான் தொடங்கியது. அவ்வளவு சின்னத் துண்டைக் குழந்தைகள் விழுங்கிவிடும் என்று, கூட்டத்தில் கண்ணாடிக்காரர் பென்சிலால் அந்தக் கோட்டை மேலே ஏற்றினார். நியாயம்தான். என்னால்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ நடக்க ஆரம்பித்த பிறகும் இதை மறைத்தால் நான் மனுஷியே இல்லை. அதனால் எழுதிவிட்டேன்.

அக்கா


ஞாயிறு, ஏப்ரல் 7

மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பாவுக்குப் போன் செய்தேன். நீ தூங்குகிறாய் என்றார்.

சரி. பதில் வேண்டாம். காலை மட்டும் மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடாதே. என்மேல் இருக்கிற கோபத்தை அதன்மேல் காட்டாதே. அவ்வளவுதான்.


வெள்ளி, ஏப்ரல் 12

தள்ளவில்லை. காலில்தான் இருக்கிறது.

முதல் மூன்று நாள் உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு சாண் என்று எழுதியிருந்தாய். இருக்கிற காலில் வைத்து அளந்தேன். சாணுக்கு இரண்டு விரல் குறைவு. அந்த இரண்டு விரலை ஏன் உன் கணக்கில் சேர்த்தாய் என்று தெரியவில்லை.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தைவிடப் பெரியது, நீ சொன்ன மாதிரியே. கால் செய்கிறவரிடம் போய், கணுக்கால்வரை இருந்திருந்தால் எப்படி என்று கேட்டேன். "சுலபமா இருந்திருக்கலாம். அங்கயும் புண்ணாகி மறுபடி எடுத்திருக்கலாம். அதெல்லாம் யாருக்குங்க தெரியும்?" என்றார். அது எனக்குப் போதவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். அவர், "அவளைத் தனியா நிக்க விட்டது நான்டா" என்றார். சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார். சேர்ந்து வாஷர் மாற்றினோம்.

பிறகு உன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. என் இடத்திலேயே என்னை வைத்துப் பார்த்தேன். ஒரு மணிக்கு என்னைத் தட்டி எழுப்பி, "பாதத்தை எடுக்கணும், சரியா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வேண்டாம் என்றிருப்பேன். இரண்டு மணிக்கும் வேண்டாம். மூன்றரைக்கும் வேண்டாம், கத்தியிருப்பேன். ஐந்து மணிக்கும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஆறு மணிக்கும். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாதா? இரண்டு காலோடு செத்திருப்பேன்.

அந்த நாலு மணி நேரமும் நீ சொன்னது என் பதில். நான் வாயைத் திறக்க முடியாதபோது எனக்காக வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறாய். ஐந்து மணிக்குச் சொன்னது ஒன்றுதான் உன்னுடைய பதில். நான் உட்கார்ந்து இதை எழுதுவது அதனால்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. உனக்கு நாலு மணி நேரம்தான் ஆயிற்று.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். குழியில் இறங்குகிற வேலை இல்லை. பட்டறையில் மேஜை போட்டு, லிஃப்ட்டின் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கிற வேலை. ஏணி கிடையாது. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போகிறேன்.

இன்று ஆபீஸில் கிளார்க் ஒரு படிவம் கொடுத்தார். எனக்கு நினைவில்லாமல் போனால் ஆஸ்பத்திரியில் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று அதில் ஒரு இடம். "அப்பா பேர்தானே, நானே எழுதிடறேன்" என்றார். வேண்டாம் என்று நானே வாங்கி உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். நாற்காலி போட்டார், உட்காரவில்லை. நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

இன்னொரு தடவை அப்படி ஒன்று வராது. வந்தால் நாலு மணி நேரம் எடுத்துக்கொள்ளாதே, அக்கா. உடனே போட்டுவிடு.